பிஸ்மார்க்தான் வரும்

அதிலே இராதேயும் தம்பி, எறும்பு. மரவேருக்கு இந்தப் பக்கம் வாரும். மணி அடித்தாகிவிட்டது. இனி சோதினைப் பேப்பர் முடியும்வரை ஒருவரையும் வெளியே விட மாட்டார்கள். நீர் பள்ளிக்கூடக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே பிள்ளை கூடுதலாக எழுதுமோ? இரும்.

மகளையோ கொண்டுவந்தீர்? ஓம், பார்த்தேன். இரட்டைப் பின்னல், நெற்றி நிறைய விபூதி. நல்ல பிள்ளை போலத்தான் தெரிந்தது.

நானோ? நான் கட்டின மனுசியைக் கொண்டுவந்தேன்.

சிரியாதேயும். படிப்பிக்க இல்லை. மேற்பார்வைக்கும் இல்லை. சோதினை எழுதத்தான். பச்சைச் சேலை, கண்ணாடி, கையிலே தண்ணீர்ப் போத்தல். "அம்மா, பேரப்பிள்ளையை விட்டிட்டுத் திரும்புங்கோ, பெரியாக்கள் உள்ளுக்குப் போகேலாது" என்று வாசலிலே ஒருவன் மறித்தானே, அவதான். அனுமதி அட்டையை எடுத்து அவனுடைய மூக்குக்கு நேரே நீட்டினா. அவன் இரண்டு தரம் வாசித்தான். தையல்நாயகி கதிரமலை. தனிப்பட்ட பரீட்சார்த்தி. உயர்தரம், கலைப்பிரிவு. இன்றைக்கு வரலாறு, இரண்டாம் பேப்பர். நவீன ஐரோப்பா.

எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரேயொரு விஷயம்தான் தெரிய வேண்டும். பேப்பரிலே நெப்போலியன் வந்ததா, பிஸ்மார்க் வந்ததா. அதற்காகத்தான் இந்த வெயிலிலே குந்திக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?

சொல்கிறேன். நீர் சும்மாதானே இருக்கிறீர்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். ஏழாலை. ஓய்வு எடுத்து வீட்டோடு இருக்கிறேன். ஒரு மகள், வதனி, கனடாவில். மற்றபடி நானும் மனுசியும். காலையிலே பேப்பர், மத்தியானம் சோறு, பின்னேரம் கோயில். ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அவ முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. தலையைத் தூக்காமல் சொன்னா:

"நான் ஏ.எல். எடுக்கப்போறன்."

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

அவ அந்தக் காலத்திலே ஓ.எல். சோதினை நன்றாகப் பாஸ் பண்ணினவ. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. உயர்தர வகுப்பிலே சேர்ந்து சட்டையும் தைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து எங்களுடைய கலியாணப் பேச்சு வந்தது. அவவின் தகப்பன் வந்து என்னிடம் கேட்டார், "பிள்ளை இன்னும் இரண்டு வருசம் படிக்கட்டோ தம்பி?" என்று. எதற்கு என்று நான் கேட்டேன். அவ்வளவுதான். நான் மறிக்கவில்லை. கேள்விதானே கேட்டேன்? படிப்பை அவர்தான் நிப்பாட்டினார்.

தமிழ் எடுக்கிறன் என்றா. எடும் என்றேன். இந்து நாகரிகம் என்றா. அதுவும் நல்லது, இந்த வயதிலே புண்ணியம். மூன்றாவது, வரலாறு. அதிலும் ஐரோப்பிய வரலாறு.

"ஐரோப்பா உமக்கு என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் நிம்மதியாப் படிக்கலாம் எண்டு பாக்கிறன்."

சரி, போய்ப் படியும் என்றேன்.

மருதனார்மடத்திலே ஒரு டியூட்டரி, தனியார் வகுப்பு நடக்கிற இடம். தகரக்கூரை, கழுத்தளவு சுவர், அதற்கு மேலே வெறும் வெளி. வரலாற்றுக்குப் பேர்போன மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், குணநேசன் என்று. ஓய்வு எடுத்தவர். பெண்சாதி செத்துப் பல வருசம். அதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆளைப் பார்த்தால் அது தெரியாது. மனுசி இல்லாதவனுடைய சேட் அப்படி இருக்குமோ? வெள்ளைச் சேட், கையிலே மடிப்பு கத்தி மாதிரி. தானே அயன் பெட்டியாலே மினுக்குகிறாராம். அதுவும் வீட்டிலே எனக்கு வந்து சொல்லப்பட்டது. "பாத்தீங்களே, அந்த மனிசன் தன்ரை உடுப்பைத் தானே மினுக்கிறார்." நான் ஏன் அதைப் பார்க்க வேண்டும்?

முதல் கொஞ்ச நாள் நான் ஸ்கூட்டரிலே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுவேன். முடிகிற நேரம் போய் ஏற்றுவேன். ஒருநாள் கொஞ்சம் வெள்ளென, முடிய முந்தியே போய்விட்டேன். உள்ளே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "வியன்னா மாநாட்டிலை ஆர் பெரிய கை? சொல்லுங்கோ பிள்ளை." "மெட்டர்னிக், சேர்" என்று ஒரு குரல். "கெட்டிக்காரப் பிள்ளை. இருங்கோ."

அந்தக் குரல் என்னுடைய மனுசியின் குரல்.

தம்பி, நீர் யோசியும். அவ அறுபது தாண்டினவ. பேரன் பேத்தி கண்டவ. அவவைப் பிள்ளை என்று கூப்பிட இவர் யார்? நான் கலியாணம் கட்டின நாள் முதல் இஞ்சேரும் என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்கு அவ திரும்பாமல் விட்டது இல்லை. இவர் பிள்ளை என்கிறார், அவ எழும்பி நின்று பதில் சொல்லுகிறா. அதுவும் சிரித்துக்கொண்டு. நான் சுவருக்கு மேலாலே பார்த்தேன். வாங்கிலே இரண்டு பக்கமும் குஞ்சுகுருமான்கள், நடுவிலே இவ, முகம் எல்லாம் பல்லு.

ஸ்கூட்டரிலே வரும்போது கேட்டேன். "அதென்ன, பிள்ளை?"

"எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறவர்."

"நீர் எல்லாருமோ?"

சரி, விட்டுவிட்டேன். எனக்குப் பொறாமை என்று நினையாதேயும். எழுபது வயதிலே பொறாமைப்பட என்ன கிடக்கிறது? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

அன்று முதல் நான் திரும்பிப் போகவில்லை. சுவரோடு ஸ்கூட்டரை நிப்பாட்டிவிட்டு அதிலேயே இருப்பேன். பெற்றோல் மிச்சம்தானே. காதை நான் பொத்திக்கொண்டு இருக்க முடியாது. பிரெஞ்சுப் புரட்சி கேட்டேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் ஆண்டுக் குழப்பம் கேட்டேன். இத்தாலி ஒன்றானது, ஜெர்மனி ஒன்றானது, எல்லாம் கேட்டேன். இப்போது நீர் கேளும், சொல்கிறேன். நானும் அந்தக் காலத்திலே உயர்தரம் எடுத்தவன்தான், வர்த்தகம். மூன்று தரம் எடுத்தேன். பாஸ் வந்திருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகள் சரியில்லை.

பிறகுதான் அந்த மொஸ்கோ வந்தது.

அன்றைக்கு நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ளே போகிற பாடம். பெரிய படை. போகிறான், போகிறான், மொஸ்கோவுக்குள்ளே நுழைகிறான், ஊரிலே சனம் இல்லை. எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள். மாஸ்டர் கேட்டார், "ஒரு பட்டினம் முழுக்க அப்பிடியே எழும்பிப் போகுமோ? நம்பேலுமோ பிள்ளையள்?" குஞ்சுகுருமான்கள் ஒன்றையொன்று பார்த்ததுகள். அதுகள் எல்லாம் பிறகு பிறந்ததுகள். அதுகளுக்கு என்ன தெரியும்?

"போகும் சேர்," என்றா இவ.

"சொல்லுங்கோ பிள்ளை."

சொன்னா. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆமிக்குப் பயந்து எங்களுடைய வலிகாமம் முழுக்க எழும்பிப் போனதைச் சொன்னா. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. நீரும் போயிருப்பீர். ஆனால் இவ தன்னுடைய கதையைச் சொன்னா. அந்த நேரம் நான் ஊரிலே இல்லை, கொழும்பு. கூட்டுறவு அலுவலாகப் போனேன், பாதை பூட்டிவிட்டது, அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டிலே இவவும், சின்னப் பிள்ளையாக வதனியும், என்னுடைய அம்மாவும். அம்மா சாவகச்சேரியிலே ஒரு பள்ளிக்கூடத்திலே, அகதியாக இருந்த இடத்திலே, கண்ணை மூடி மோசம் போனா. அது எனக்குத் தெரியும். நான் வந்து கேட்டேனே. "அந்தியேட்டிச் சடங்கு எல்லாம் முறைப்படி செய்வித்தீரோ?" என்று. செய்தேன் என்றா. நல்லது என்றேன். வேறென்ன கேட்கிறது?

அன்றைக்குத்தான் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து மிச்சத்தைக் கேட்டேன். அம்மாவுக்கு நடக்க ஏலாது. என்னுடைய சைக்கிளின் கரியரிலே அம்மாவை இருத்தி, சாக்காலே இடுப்பைச் சுற்றிக் கட்டி, இவ தள்ளிக்கொண்டு போயிருக்கிறா. வதனி சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலே. மழை. நாவற்குழிப் பாலத்தடியிலே சனம் நெருக்கி, சைக்கிள் அசையவே இல்லையாம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாவாம், "அவன் எங்கை? அவன் வந்திட்டானோ?" என்று. என்னைத்தான்.

"முன்னாலை போறார் மாமி," என்று இவ சொன்னாவாம்.

"எங்கை, தலை தெரியேல்லை?"

"குடையோடை போறார் மாமி. அந்தா, அந்தக் குடை."

வழி முழுக்க இப்படியே, ஏதோ ஒரு குடையைக் காட்டிக் காட்டிக் கொண்டுபோயிருக்கிறா.

தம்பி, நான் எங்கே முன்னாலே போனேன்? நான் கொழும்பு வெள்ளவத்தையிலே ஒரு மாடி அறையிலே ரேடியோவைக் காதிலே வைத்துக்கொண்டு இருந்தேன். என் பெயரிலே ஒரு பொய். என் தாய்க்கு. அதை எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் ஒரே வீடு, ஒரே சமையல். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மாஸ்டருக்குச் சொன்னா. எழும்பி நின்று, கைகட்டிக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி அவருக்குச் சொன்னா. நீர் கேட்கவில்லையே என்று சொல்லாதேயும். கேட்டால்தானோ சொல்ல வேண்டும்? மாஸ்டர் மட்டும் என்ன கேட்டார்? மொஸ்கோவைத்தானே கேட்டார்?

கேளும். இவ முடித்தவுடன் அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேட்டாலே துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். என்னுடைய அம்மாவுக்கு அவர் ஏன் கண்ணாடி துடைக்க வேண்டும்? "இண்டைக்குக் காணும் பிள்ளையள், வீட்டை போங்கோ" என்று நேரத்துக்கு முந்தியே வகுப்பை விட்டார். ஒரு மாஸ்டர் செய்கிற வேலையோ அது? ஒரு பெட்டை இவவின் தோளைப் பிடித்துக்கொண்டு அன்ரி, அன்ரி என்று அழுகிறது. இவ அதன் முதுகைத் தடவுகிறா.

வீட்டுக்கு வந்தோம். "தேத்தண்ணி போடும்" என்று மட்டும் சொன்னேன். போட்டுத் தந்தா. என் முகத்தைப் பார்த்தா. நான் பேப்பரை விரித்தேன்.

அடுத்த வகுப்பிலே பாடம் ஜெர்மனி. எனக்கு அதிலே நல்ல பிடி. யாழ்ப்பாணம் போய் ஒரு கைட் புத்தகம் வாங்கி வந்து முழுக்கப் பார்த்துவைத்திருந்தேன். மாஸ்டர் சொல்கிறார், ஜெர்மன் பேரரசு வேர்சாய் மாளிகையிலே பிரகடனம் ஆனது ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டு என்று. பிழை! யுத்தம் தொடங்கினதுதான் எழுபது. பிரகடனம் எழுபத்தொன்று, ஜனவரி. நான் ஸ்கூட்டரிலே ஏறி நின்று சுவருக்கு மேலாலே தலையை நீட்டிச் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். "எழுபத்தொண்டு! எழுபத்தொண்டு ஜனவரி!"

முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவர் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமோ? சைபரை அழித்து ஒன்று போட்டார். "அண்ணை சொன்னது சரி. என்ரை பிழை. பிள்ளையள், அண்ணைக்கு ஒருக்காக் கைதட்டுங்கோ" என்றார். கைதட்டினார்கள் தம்பி! "வெளியிலை ஏன் நிக்கிறீங்கள் அண்ணை? உள்ளுக்கு வந்து இருங்கோ. பிள்ளைக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு."

பிள்ளைக்குப் பக்கத்திலையாம்.

எப்படிப்பட்ட ஆள் பார்த்தீரோ? பிழைவிட்டது அவர். கைதட்டு வாங்கி நாணிப்போய் நின்றது நான். எனக்கு உள்ளே வேலை இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கின கெதியிலே ஸ்கூட்டர் சரிந்துவிட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

அன்றைக்கும் இவ பின்னாலே ஏறி வந்தா. சந்தி திரும்பினவுடன் சொன்னா, "நாளையிலை இருந்து நான் பஸ்ஸிலை போறன்."

போனா. நான் மறிக்கவில்லை. பஸ் எல்லாருக்கும் பொதுதானே.

அதன் பிறகு வீட்டிலே நான் தனியே. மத்தியானச் சோறு மூடி இருக்கும். பக்கத்திலே அவவுடைய கைட் விரித்தபடி இருக்கும். சும்மா இருக்காமல் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பிஸ்மார்க்கைப் பிடித்துவிட்டது. உமக்குத் தெரியாட்டில் கேளும். ஆள் கதைக்கிறது குறைவு, செய்கிறது கூட. பிரான்சுதான் அவனுக்கு எதிரி. எழுபத்தொன்றுக்குப் பிறகு நேரே போய் அடிக்கவில்லை. ஒஸ்திரியாவைக் கையிலே பிடித்தான், ரஷ்யாவைப் பிடித்தான், இத்தாலியைப் பிடித்தான். பிரான்சோடு ஒருவரும் சேரக்கூடாது. தனிமைப்படுத்தினான். அதுதான் மூளை.

நானும் செய்து பார்த்தேன். முதலில் வதனிக்கு ஃபோன் போட்டேன். "கொம்மா ஒரு பெண்சாதி இல்லாத மாஸ்டரிட்டைப் படிக்கப் போறா, ஊர் என்ன கதைக்கும்?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அம்மா இப்ப எவ்வளவு கலகலப்பாக் கதைக்கிறா தெரியுமோ? போன கிழமை எனக்கு ஒரு மணித்தியாலம் நெப்போலியன் சொன்னவ. பேசாமல் இருங்கோ." எனக்கு ஒரு நிமிசம்கூட நெப்போலியன் சொல்லவில்லை, அதைக் கவனியும். பிறகு பக்கத்து வீட்டு இராசமலர். அவவிடம் மெல்ல மாஸ்டரைப் பற்றிப் போட்டேன். "அவ்வளவு நல்லாப் படிப்பிக்கிறவரோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே தன்னுடைய மகளையும் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டா. கோயில் தர்மகர்த்தாவிடம் போனேன். அவர் மாஸ்டரின் பழைய மாணவனாம். கண்ணிலே ஒற்றாத குறை.

ஒரு கூட்டணியும் நிலைக்கவில்லை. பிஸ்மார்க்குக்கு நல்ல ஆட்கள் கிடைத்தார்கள், எனக்குக் கிடைக்கவில்லை.

என்ன, உம்முடைய மகளும் அங்கேயோ? குணநேசனிட்டையோ?

சரி. அதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்.

நல்ல மனிசன் என்றோ? எல்லாரும் அப்படித்தான் சொல்லினம். நான் கூடாது என்று சொல்லவில்லையே.

அப்ப உமக்கு அந்தக் கடைசிக் கருத்தரங்கு தெரிந்திருக்கும். சோதினைக்கு முன்னே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வைத்து, இந்த முறை இன்னது வரும் என்று மாஸ்டர்மார் சொல்லுகிறது. அனுமான வினா. கோயிலிலே பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி. போன முறை சொன்ன எட்டிலே ஆறு வந்தது என்று மதிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். இந்த முறை உம்முடைய குணநேசன் என்ன செய்தார்? கரும்பலகையிலே நெப்போலியனின் வீழ்ச்சி, மொஸ்கோப் படையெடுப்பு என்று எழுதி, கீழே மூன்று கோடு போட்டார். கட்டாயம் வரும் என்றார். இவ வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொன்னா. பல நாளைக்குப் பிறகு அவவாக வந்து சொன்ன விஷயம் அது ஒன்றுதான்.

நான் சொன்னேன்: "நெப்போலியன் வராது. பழைய பேப்பர் முழுக்கப் பார்த்தேன். போன முறையும் அவன்தான், அதற்கு முந்தின முறையும் அவன்தான். இந்த முறை பிஸ்மார்க்தான் வரும்."

"நீங்கள் சொன்னா வருமோ?"

"மாஸ்டர் சொன்னா வருமோ?"

"அவர் படிப்பிக்கிறவர்," என்றா.

அந்தச் சொல்லு இங்கே நிற்கிறது தம்பி. இந்த இடத்திலே. அவர் படிப்பிக்கிறவர். அப்ப நான் யார்? காலையும் மாலையும் பத்து வீட்டுக்குக் கேட்க இவவைப் பற்றிக் கவலைப்படுகிறவன் யார்?

விட்டேனோ? விடவில்லை. சோற்றுக்குள்ளே பிஸ்மார்க், தேத்தண்ணிக்குள்ளே பிஸ்மார்க். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மும்முனை உடன்படிக்கை சொன்னேன். முதலிலே கைட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனா. பிறகு போகவில்லை. கேட்டாவோ கேட்கவில்லையோ, முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஒருநாள் மட்டும், "நீங்கள் சொல்லேக்கை பிஸ்மார்க் எங்கடை சங்கக்கடை மனேச்சர் மாதிரிக் கிடக்கு," என்றா. பாராட்டுத்தான்.

இன்று காலமை, "இண்டைக்கு நீங்கள் கொண்டுபோய் விடுங்கோ" என்றா. பஸ் இல்லையாக்கும் என்று நினைத்தேன். வழியிலே அந்த பஸ்தான் எங்களை முந்திக்கொண்டு போனது. வெறும் பஸ். இருக்கட்டும், எதற்கோ சொல்லியிருக்கிறா.

இப்போது உமக்கு விளங்கும். அவவுக்குச் சோதினை நன்றாக வர வேண்டும். அது வேறு. நான் அவவுக்காக நேர்த்திக்கடனும் வைத்திருக்கிறேன். ஆனால் நெப்போலியன் வரக் கூடாது. அவ்வளவுதான் என்னுடைய கேள்வி. அவ முழுக்க நெப்போலியனைத்தான் கட்டிப்பிடித்துப் படித்தவ, அது வராவிட்டால் என்ன செய்வா என்று நீர் கேட்பீர். அதற்கு நான் என்ன செய்ய? நான் சொன்னேனே, பிஸ்மார்க்கைப் படியும் என்று.

உந்தத் தண்ணீரிலே கொஞ்சம் தாரும். தொண்டை காய்ந்துவிட்டது. உம்மோடு கதைத்து.

மணி! மணி அடித்துவிட்டது தம்பி. எழும்பும். கையைத் தாரும், எனக்கு முழங்கால் பிடித்துவிட்டது. வருகிறார்கள். உம்முடைய பிள்ளை அந்தா, முன்னுக்கே வருகிறா. கூப்பிடும், கூப்பிடும்.

பிள்ளை, இஞ்சை வாரும். நான் உம்முடைய தையல்நாயகி அன்ரியின் ஆள். ஓம், அந்த எழுபத்தொண்டு நான்தான். அதை விடும். பேப்பரிலே என்ன வந்தது?

நெப்போலியனோ?

மொஸ்கோவும் வந்ததோ? அப்படியேயோ? மூன்று கோடு போட்ட மாதிரியேயோ?

ம்.

சரி. நல்லது. உமக்குச் சந்தோசம்தானே. போய்த் தகப்பனோடு சோடா குடியும்.

பொறும், பொறும். பிஸ்மார்க்? பிஸ்மார்க் வரவில்லையோ? அதுவும் வந்ததோ! தெரிவுக்கு ஒன்றாகவோ? கடைசிக் கேள்வியோ? கடைசி என்றால் என்ன, வந்தது வந்ததுதானே! தம்பி, கேட்டுக்கொண்டீரோ? இதற்கு நீர் சாட்சி.

அந்தா வருகிறா. கடைசியாக. எப்போதும் கடைசிதான். இஞ்சேரும்! இங்கே, மரத்தடி! வெயிலுக்குள்ளே நில்லாதேயும், வாரும். போத்தலை இங்கே தாரும்.

தெரியும், நெப்போலியன் வந்ததாம். இந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. உம்முடைய மாஸ்டர் சொன்னார், வந்துவிட்டது. பெரிய ஆள்தான். முழுக்க எழுதியிருப்பீர். மேலதிகத் தாளும் வாங்கியிருப்பீர்.

என்ன?

எழுதவில்லையோ? ஏன் எழுதவில்லை? அவ்வளவு படித்தீரே!

தொடங்கி எழுதினீரோ? பிறகு? மொஸ்கோ மட்டும் வந்து, சனம் எழும்பிப் போகிற இடத்திலே பேனை ஓடவில்லையோ? அம்மாவோ? என்னுடைய அம்மாவையோ நினைத்தீர்? சோதினை மண்டபத்துக்குள்ளே இருந்தோ உதெல்லாம் நினைக்கிறது? சரி. சரி, விடும். கண்ணைத் துடையும். தம்பி நிற்கிறார், பிள்ளை நிற்கிறது, ஆட்கள் பார்க்கினம்.

அப்ப அதை வெட்டிப்போட்டு என்னத்தை எழுதினீர்?

திரும்பச் சொல்லும். உரத்துச் சொல்லும், தம்பிக்குக் கேட்கட்டும்.

பிஸ்மார்க்!

தம்பி! பிஸ்மார்க் எழுதியிருக்கிறா தம்பி! குளியலறைக் கதவடியிலே நான் சொன்னது முழுக்கவோ? ரஷ்யா, ஒஸ்திரியா, இத்தாலி, எல்லாமோ? நான் சொன்ன ஒழுங்கிலேயேயோ? பார்த்தீரோ தம்பி, படிப்பிக்கிறவர் யார் என்று இப்போது பார்த்தீரோ?

என்ன? என்ன சொல்கிறீர்? சத்தமாகச் சொல்லும், இந்தச் சனத்துக்குள்ளே கேட்கவில்லை.

அம்மா சொன்னதோ? எப்போது? பாலத்தடியிலேயோ?

எனக்கோ? எனக்குச் சொல்லச் சொல்லியோ?

மாஸ்டருக்கும் அன்றைக்கு அதைச் சொல்லவில்லையோ. வதனிக்கும் தெரியாதோ. ஒருவருக்கும் சொல்லவில்லையோ. எனக்கு மட்டும் சொல்ல வைத்திருந்தீரோ, இவ்வளவு காலமும்.

ம்.

இல்லை, இப்போது வேண்டாம். ரோட்டிலே நின்று கதைக்கிற கதையோ அது? பிறகு சொல்லும். வீட்டை போய் ஆறுதலாக. வீட்டிலேயும் இன்றைக்கு வேண்டாம், நீர் களைத்துப்போனீர். உமக்கு இன்னும் ஒரு சோதினை கிடக்கிறது. எல்லாம் முடியட்டும். ஒரு நாளைக்குச் சொல்லும். கையை விடும், ஸ்கூட்டரை எடுக்க வேண்டும்.

தம்பி, குணநேசன் மாஸ்டரின் வீட்டுக்கு இந்த ஒழுங்கையாலே போகலாமோ? வலது பக்கமோ? வைரவர் கோயில் தாண்டியோ? நல்லது. அவர் இப்போது வீட்டிலே இருப்பார், சேட் மினுக்கிக்கொண்டு. அவருக்கு நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரே, முகத்துக்கு முன்னே. பிஸ்மார்க் என்று ஒரே ஒரு சொல்லு, வேறொன்றும் இல்லை.

ஏறும். ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். என்ன, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? வெயில் கொளுத்துகிறது. ஏறுமன்.